தேர்வு எழுதியது மகள்... டவர் ஏறுவது அப்பா!

ராதாபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் அவை ராவும் பகலும் சுற்றும். அதற்கு முன்பே, பங்குனி வெயிலிலேயே, போல்ட் முறுக்கி, கிரீஸ் வைத்து, பராமரிப்பை முடித்துவிட வேண்டும். அதற்காக டவருக்குள் இருக்கும் ஏணியில் எண்பது, நூறு மீட்டர் உயரம் ஏறுகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர்.

அப்படி ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் பயிற்சி அலுவலர் அவர். வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஊழியர்கள் செல்போனிலேயே பாதுகாப்புப் பாடம் படித்து, தேர்வு எழுத, தலைமை அலுவலகம் ஒரு மென்பொருள் வாங்கியது. ஏ.சி. அறையில் மூன்று பேர் பார்த்து எடுத்த முடிவு. படங்கள் பளிச்சென்று இருந்தன. குரல் அழகான ஆங்கிலத்தில் பேசியது. மூன்றே மாதத்தில் அறிக்கையில் எல்லாப் பெயரும் பச்சை. நூற்றுக்கு நூறு பேர் தேர்ச்சி! மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது.

ஒருநாள் காலை டவர் அடியில் நின்றபடி, மூத்த டெக்னீஷியன் ஒருவரிடம் சாதாரணமாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, மேல ஒருத்தர் மயங்கி பெல்ட்ல தொங்கிட்டா மொதல்ல என்ன செய்யணும்? பாடத்துல வந்துச்சே...”

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “அத எம்மவதான் எழுதுனா மேடம். ஒம்பதாங் கிளாஸ் படிக்கா. இங்கிலீஷு அவளுக்குத்தான் வரும்.”

அவருடைய மதிப்பெண் 96.

அதன் பிறகு ஒவ்வொருவராக விசாரித்தார். டவருக்குள் சிக்னல் கிடையாது. “வீட்டுக்குப் போவ ராத்திரி எட்டு மணியாவுது. வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும், நமக்குக் கண்ணு சொக்கும்” என்றார் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அலுவலக மெயிலே இல்லை. மெயில் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அதனால் எட்டுப் பேருக்கும் சேர்த்து சூப்பர்வைசரே பட்டனைத் தட்டியிருந்தார்.

பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவரைச் சீக்கிரம் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது தெரியாதவர்களுக்கு ‘தேர்ச்சி’ என்று கையெழுத்துப் போட்டிருப்பது தான்தானே? அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே நடந்ததை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினார். ‘ஒரு வருட ஒப்பந்தம் முடியட்டும்’ என்று பதில் வந்தது. அதுவரை கயிறும் பொம்மையும் வைத்துத் தமிழிலேயே மீட்புப் பயிற்சி நடத்தினார். வருடம் முடிந்ததும் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தார்: “இந்த முறை எங்க சைட்ல உக்காந்து தேர்வு செய்வோம்.”

பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டன. ஆளுக்கு ஒரு கேள்வி.

அண்ணாச்சி கேட்டார்: “தமிழ்ல பேசுமா? பேசுனா நமக்குப் புரியுத தமிழா?”

ஒப்பந்தத் தொழிலாளி: “மெயில் இல்லாம போன் நம்பர் வச்சு உள்ள போலாமா?”

பாதுகாப்பு அதிகாரி: “டிக் அடிச்சா பாஸா, பெல்ட் மாட்டிக் காட்டுனா பாஸா?”

கணக்காளர்: “தலைக்கு இவ்வளவுன்னு கட்டணமா? ஒப்பந்த ஆளுங்க மாசத்துக்கு மாசம் மாறுவாங்களே?”

கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் இரண்டு கேட்டான். பாடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி, சிக்னல் இல்லாமல் படிக்க முடியுமா? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் பாடங்களைக் கையோடு எடுத்துப் போக முடியுமா? (ஸ்கார்ம் என்ற பொது வடிவில் பாடங்கள் இருந்தால் அது முடியும். மூடுல் போன்ற இலவச மென்பொருளிலேயே இந்த இரண்டு வசதியும் உண்டு.)

கடைசியாக சூப்பர்வைசர் வாய் திறந்தார்: “எந்த சாப்ட்வேர் வாங்குனாலும் சரி, வேலை நேரத்துல அரை மணி நேரம் ஒதுக்குவீங்களா?” அதற்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை, நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். அந்த அரை மணி கிடைத்தது.

மூன்று மென்பொருள்களை ஊழியர்களின் சொந்த போன்களிலேயே, அதிலும் விலை குறைந்த போன்களில், இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். இருப்பதிலேயே பகட்டானதுதான் முதலில் கழிந்தது. எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். ஆனால் முடிவுக் கையெழுத்து ஒருவருடையதுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கூட்டம் முடியவே முடியாது.

இது ஏதோ ஒரு சைட்டின் கதை மட்டுமல்ல. 2021-ல் அங்கன்வாடிகளுக்காக மத்திய அரசு ‘போஷன் டிராக்கர்’ செயலியைக் கொண்டுவந்தபோது, மகாராஷ்டிராவில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். செயலியில் பதிவு செய்ய ஆங்கிலம் வேண்டியிருந்தது. போன்களோ அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அது வேலையைப் பதிவு செய்யும் செயலி, பாடம் நடத்துவது அல்ல. ஆனாலும் கோளாறு ஒன்றுதான். தினமும் கையில் பிடிக்கப்போகிறவரிடம் முதலில் கேட்டிருந்தால், மொழியும் போனும் முதல் நாளே பேச்சில் வந்திருக்கும்.

ராதாபுரத்தில் இப்போது அண்ணாச்சி தானே தேர்வு எழுதுகிறார். 72 மதிப்பெண். “நான் எழுதுனப்போ 96 எடுத்தேன்லா!” என்று மகள் கேலி செய்கிறாளாம்.

பயிற்சி அலுவலரின் அறிக்கையும் மாறிவிட்டது. இந்த மாதம் மூன்று பெயர்கள் சிவப்பில் இருக்கின்றன. யார், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் மூவரும் இன்னும் டவர் ஏறவில்லை.