நாலு விரற்கடை இடம்

மயிலாப்பூர் குளத்தருகே 5பி-யில் ஏறினேன், தி.நகர் போக. மூவர் ஸீட்டில் மூன்று பேர் இருந்தோம். மந்தைவெளியில் ஏறிய அம்மாள் கையில் இரண்டு கட்டைப் பை. ஒன்றிலிருந்து வாழைத்தண்டு எட்டிப் பார்த்தது. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா” என்றார். சொல்லி முடிப்பதற்குள் பாதி உட்கார்ந்தாகிவிட்டது. நாலு விரற்கடை இடத்தில் ஒரு முழு மனுஷி எப்படி உட்காருகிறாள் என்பதை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். அட்ஜஸ்ட் என்ற வினைக்கும் நியாயத்தைக் குறிக்கும் ஜஸ்ட்டுக்கும் உறவு இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் மயங்கியிருக்கிறார்கள். சொல்லின் பூர்வீகம் வேறு. லத்தீனில் ‘யுக்ஸ்தா’ என்றால் பக்கத்தில். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் இந்த வினையின் முதல் பொருள். நியாயத்தோடு வந்த குழப்பத்தில் அது ‘சரிசெய்வது’ என்று மாறி, இங்கிலீஷில் அதுவே நிலைத்துவிட்டது. வாழைத்தண்டு அம்மாளுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் பக்கத்தில் வந்து சேர்ந்தார்!

இதே யுக்ஸ்தா வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளை ‘ஜௌஸ்ட்’. குதிரைமேல் ஏறிய இரண்டு வீரர்கள் ஈட்டியோடு ஒருவர்மேல் ஒருவர் பாய்வது. நெருங்கி வந்தால் ஒட்டிக்கொள்ளலாம், இல்லை முட்டிக்கொள்ளலாம். அடையாற்றில் முதுகுப் பையோடு ஒரு காலேஜ் பெண் ஏறி எங்கள் ஸீட்டைப் பார்த்தாள். வாழைத்தண்டு அம்மாளே முந்திக்கொண்டு, “இங்க ஏதும்மா இடம்?” என்று சீறினார். யோகம் என்ற சொல்லும் இந்தக் குடும்பந்தான், தூரத்து உறவு. ஜன்னல் கம்பியோடு கம்பியாக அதைத்தான் நான் சைதாப்பேட்டை வரை செய்துகொண்டிருந்தேன்.

இங்கிலீஷில் எதையாவது அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், கண்ணாடியை, கடிகாரத்தை, கணக்கை. நாம் அதற்குப் பின்னால் ஒரு ‘கொள்’ளைச் சேர்த்து ஆளின் பக்கமே திருப்பிவிட்டோம். பண்ணிக்கோ. கண்ணாடி இருந்த இடத்தில் இருக்கும், நீ நகர்ந்துகொள். (பெங்களூர்க்காரர்கள் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ தங்கள் சொத்து என்பார்கள். இருக்கட்டும், அதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம்.)

அதற்கு முன்னால் நம் வீடுகளில் புழங்கிய சொல் ‘அனுசரித்துப் போ’. சமஸ்கிருதத்தில் அனுசரிப்பது என்றால் பின்னாலேயே போவது. என் பாட்டிக்குக் கல்யாணத்தன்று கிடைத்த ஒரே புத்திமதி அது. அவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். கபாலி கோயிலுக்குத் தாத்தா வடக்கு மாட வீதியில் விறுவிறுவென்று போவார். நாலடி பின்னால் பூக்குடலையோடு பாட்டி. அவர் செருப்பு வார் அறுந்து நின்றால் அவளும் நாலடி தள்ளியே நிற்பாள்.

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. எங்கள் வீட்டுக்கு டிவி வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தொடங்கும் நேரத்தில்தான் திரையில் மழை பெய்யும். மாமா மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைப் பிடித்துக்கொள்ள, கீழேயிருந்து நாங்கள் “அட்ஜஸ்ட் பண்ணு, இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு!” என்று கத்துவோம். தொண்டை வற்றக் கத்தினால் மேலே இருக்கும் ஆம்பிளை நகருகிறான். பாட்டி தூணில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவி வந்த வருஷம் அறுபத்துமூவருக்கு ஊரிலிருந்து வந்த உறவுகளையும் சேர்த்து, கூடத்தில் பதினொரு பேர் படுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஜமுக்காளம், ஒரு மின்விசிறி. விளக்கை அணைக்குமுன் பாட்டி வந்து, விசிறிக்கு நேர் கீழே, நட்ட நடுவில் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே, “எல்லாரும் செத்த அஜ்ஜஸ் பண்ணிக்கோங்கோ” என்றாள். இருட்டில் பதினொரு பேரும் புரண்டு வழிவிட்டோம். ஜமுக்காளத்தின் விளிம்பும் தாண்டி, பாதி உடம்பு வெறுந்தரையிலும் கால் இரண்டும் ரேழியிலுமாகத் தாத்தா நகர்ந்துகொண்டிருந்தார்.