பாய்மரம் இல்லை, டி.வி.எஸ். உண்டு!

பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனார். பக்கிங்காம் கால்வாய் வழியாக. 'மாவலிபுரச் செலவு' என்று அதைப் பாட்டாகவே எழுதிவிட்டார். காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று படுத்துவிட்டால் கரையில் ஆட்கள் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். அந்தக் கால்வாயில் ஒரு துண்டு, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே, தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். கவர்னர் பக்கிங்காம் பிரபு பெயரைக் கொடுத்தார். ஆக, பஞ்சம் சென்னையில் படகு விட்டது!

அருப்புக்கோட்டைச் சீமைக்கும் பஞ்சத்துக்குக் குறைவே இல்லை. படகுதான் வரவில்லை. ஆனால் ஆறு இருக்கிறது சார். குண்டாறு! சாப்டூர்ப் பக்கம் மலையில் புறப்பட்டு, திருச்சுழி, கமுதியைத் தொட்டு, மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. ஐப்பசியில் ஒரு நாள் அதன் கரையோடு போய்ப் பார்ப்பதென்று கிளம்பினேன். கப்பல்: மச்சினனின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மாலுமி: மச்சினன்.

"அத்தான், பின்னாடி ஆடாம உக்காருங்க. வண்டி கவுந்துரும்." கப்பலில் சொல்லவேண்டிய அதே வார்த்தை!

அருப்புக்கோட்டையில் விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டினால் கரிசல் காடு. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், சீமைக் கருவேலம், சீமைக் கருவேலம். அங்கங்கே கரிமூட்டப் புகை.

எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு பாட்டி, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். இந்தச் சீமையில் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஒரே வாகனம் அதுதான். ஐப்பசி பிறந்தும் அதற்கு ஓய்வில்லை.

திருச்சுழி என்ற பெயரையே பாருங்கள். சுழி! பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் ஒரு துளை போட்டாராம். வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டதாம். அப்போது இறங்கிய தண்ணீர்தான், இன்றுவரை மேலே வரவில்லை என்று மச்சினன் அபிப்பிராயப்பட்டான். (திருமேனிநாதர் சன்னதியில் நின்றுகொண்டு சொன்னான். தைரியசாலி!) சுந்தரர் பாடிய ஸ்தலம். பகவான் ரமணர் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வீடு 'சுந்தர மந்திரம்' என்ற பெயரோடு இருக்கிறது. உள்ளே அவ்வளவு அமைதி.

ஆற்றில் இறங்கினோம். மணலில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர், கணுக்கால் நனையும் அளவு. கொக்கு இரண்டு. கரையில் வெள்ளாடு மேய்த்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பு, சர்வே எடுக்க வந்தீகளா?"

"இல்லைங்கய்யா, சும்மா ஆத்தைப் பாக்க."

"ஆத்தைப் பாக்கவா!" என்று சிரித்துவிட்டு, "வந்தா மூணு நாளைக்கு வரும். கரை கொள்ளாம வரும். அப்புறம் கடலுக்குப் போயிரும். கம்மாய்க்குப் போற காலு பூராம் முள்ளு. தண்ணி எப்படிப் போகும்?"

விஷயம் இதுதான். இங்கே நீர்வழி என்பது படகு போக அல்ல, தண்ணீர் போக. ஆற்றிலிருந்து வரத்துக்கால் வழியே முதல் கண்மாய். அது நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய். இப்படியே சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி தூர்ந்தால் கீழே இருக்கிற ஊரெல்லாம் பட்டினி. முன்பெல்லாம் ஆற்றில் தண்ணீர் வருகிறதென்று தெரிந்தால் ஊரே மண்வெட்டியோடு முன்னால் ஓடி, கால் செதுக்கி, கூட்டிக்கொண்டு போகுமாம். கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவே போட்டது. வெட்டினார்கள். வேர் இருந்த இடத்தில் மறுபடி முளைத்திருக்கிறது.

காவிரித் தண்ணீரை மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் குண்டாற்றோடு சேர்க்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெரியவரிடம் சொன்னேன்.

"வரட்டும். வந்தாலும் அந்தக் காலு வழியாத்தானப்பு போகணும்?"

பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கமுதி நெருங்கும்போது ஒரு காட்சி. கண்ணுக்கெட்டிய தூரம் பாய் விரித்த மாதிரி சூரிய மின்தகடுகள்! 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம். வெயிலை அறுவடை செய்யத் தெரிந்துவிட்டது. சந்தோஷம்தான். மழைக்கும் இதில் கால்வாசி அக்கறை காட்டியிருக்கலாம்.

ஆற்றங்கரையில் சேதுபதி காலத்துக் கோட்டையைப் பார்த்துவிட்டு டீ குடிக்க ஒதுங்கியபோது இருட்டத் தொடங்கியது. திடீரென்று கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். டீ மாஸ்டரும் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரோடு போனார். எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மலைப் பக்கம் மின்னுது."

"விட்டு விட்டு மின்னுதே... நாளைக்கு ராத்திரிக்குள்ள தண்ணி வந்துரும்ல?"

"வரும். நம்ம காலு என்ன லட்சணத்துல கெடக்கு?"

யாரோ ஒருவர் மண்வெட்டி யார் வீட்டில் இருக்கிறதென்று விசாரித்தார். டீ ஆறிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.