களையைக் காட்டும் காந்தம்

கோதுமை வயலில் இரவோடு இரவாகக் களை விதைத்துச் சென்ற பகைவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. புற்றுநோயை நினைக்கும்போதெல்லாம் அவ்வுவமையே என் உள்ளத்தில் எழுகின்றது. பயிரும் களையும் ஒரே மண்ணில் வேரூன்றி, ஒரே நீரைப் பருகி வளர்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு?

1869-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். கட்டியில் இருந்த உயிரணுக்களை ஒத்தவை இரத்தத்திலும் இருக்கக் கண்டார். ஆயினும் உயிரோடிருக்கும் நோயாளியிடம் அவற்றைத் தேடுவது எளிதன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடிச் சிவப்பணுக்கள் உள்ளன. அவற்றிடையே புற்றணு ஒன்றோ இரண்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதற்குக் காந்தம் துணைக்கு வந்தது. மார்பகம், குடல் போன்ற உறுப்புகளின் மேற்படலத்தில் தோன்றும் புற்றணுக்கள் பலவற்றின்மீது ‘எப்கேம்’ என்னும் புரதம் உண்டு. இரத்த அணுக்களில் அது இல்லை. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, இரும்பு கலந்த மிக நுண்ணிய துகள்களின்மேல் ஏற்றி, சோதனைக் குழாயிலுள்ள இரத்தத்தில் கலக்கின்றனர். அருகே காந்தத்தை வைத்ததும், துகள்கள் ஒட்டிய அணுக்கள் அதன் பக்கம் ஒதுங்குகின்றன. பின்னர் அவற்றிற்குச் சாயமேற்றி எண்ணுகின்றனர். ‘செல்சர்ச்’ எனப்படும் இம்முறைக்கு அமெரிக்க அரசு 2004-இல் அனுமதி அளித்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தகைய அணுக்கள் 5 அல்லது அதற்கு மேல் இருப்பின் நோயின் போக்குக் கடுமையாகக்கூடும் என்று ஆய்வுகள் காட்டின.

என் அக்காள் இந்நோயால் வருந்திய நாள்களில் உறவினர் ஒருவர், “காந்தத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்தால் நோய் போய்விடுமாமே!” என்று ஆவலோடு கேட்டார். அந்த ஆவலைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மையை மறைப்பதும் அன்பாகாது. இது களையெடுக்கும் முறையன்று. களை உண்டா என்று எண்ணிப் பார்க்கும் முறை மட்டுமே. முதற்சுற்று மருந்துக்குப் பின்னும் இவ்வணுக்களின் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே வேறு மருந்து கொடுத்துப் பார்த்தனர். அதனால் அவர்களுடைய ஆயுள் நீளவில்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

“ஆயுள் கூடாதெனில் அறிந்து என்ன பயன்?” என்றார் உறவினர். அக்காளே மறுமொழி சொன்னாள்: “என் நிலைமை தெரிந்தால், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட மாட்டேனே!” அந்தச் சோதனையை அவள் செய்துகொள்ளவில்லை, மருத்துவரிடமே தன் நிலையைத் திறந்த மனத்தோடு கேட்டறிந்தாள். பேசாதிருந்த தம்பியை அழைத்துச் சமாதானமானாள். பங்குக் குருவை வரவழைத்து, முழு நினைவோடு நோயில்பூசுதல் பெற்றாள். அறிவு அவளுக்கு நாள்களைக் கூட்டித் தரவில்லை. இருந்த நாள்களை வீணாக்காமல் காத்தது.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! நோயாளியிடம் உண்மையை மறைப்பதே இரக்கம் என்று எண்ணாதீர்கள். நலமாயிருப்போர் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கு இச்சோதனையை நம்பியிருத்தலும் ஆகாது. தொடக்க நிலையில் இரத்தத்தில் ஓர் அணுவும் அகப்படாதிருக்கலாம். மார்பில் கட்டி தென்பட்டால், வெட்கத்தை விடுத்து அன்றே மருத்துவரை நாடுங்கள். செபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் இறைவன் நமக்கு அருளிய கொடைகளே.