அப்பா தொட்டுப் பார்த்த தூண்டில் நூல்

எங்கள் ஆரணியில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தறிச் சத்தம் குறைந்துவிடும். குழித்தறிக்குள் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட வெயில் இருக்காது. பட்டு நெய்கிற அப்பாவுக்குக் கூலியும் இருக்காது. அந்த நாள்களில்தான் அவர் மூங்கில் தூண்டிலோடு ஏரிக்குப் போவார். விரால் கிடைத்தால் வீட்டில் குழம்பு. இல்லாவிட்டால் ரசம்.

இப்போது எனக்குச் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க் வேலை. போன மழைக்கு ஊருக்குப் போனபோது ராடு, ரீல், கூடவே ஒரு ரப்பர் தவளையும் வாங்கிப் போனேன். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு இப்படித் தண்ணீரின் மேலேயே ஓடும் பொம்மை இரையைப் போடுவார்கள். நம் ஏரியில் பாஸ் கிடையாது. தவளையைக் கண்டால் விடாத விரால் இருக்கிறதே, போதாதா?

அந்தத் தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி இருக்கும். அதனால் அல்லி இலையில் சிக்காது. மீன் கவ்வி, ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். அப்பா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நூலைத்தான் விரலால் உருட்டிப் பார்த்தார். "பின்னின நூலாச்சே... இழுத்தா நீளாது. நல்ல நூல்மா!" நாற்பது வருடம் பட்டு இழை தொட்ட விரல் அது.

ஏரியில் மீன் ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டுக் கரையில் நின்றோம். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். அந்தக் குமிழி வந்த இடத்தைத் தாண்டித் தவளையை வீசினேன். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு.

'டப்'பென்று ஒரு சத்தம். தண்ணீர் உடைந்தது. நான் உடனே வெட்டி இழுத்தேன். தவளை மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. "அவசரப்படாத. வாய்க்குள்ள போவட்டும்" என்றார் அப்பா. அடுத்த முறை மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுத்தேன். ராடு வளைந்தது. முழங்கை நீள விரால்! போனை எடுக்கப் பையில் கை விட்டேன். ரீல்ஸுக்குத் தலைப்புகூட ரெடி.

அப்பா மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கவ்விய இடத்தில் உலை கொதிப்பதுபோலச் சின்னச் சின்னச் சலசலப்பு. செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். சாயம் தோய்த்த பட்டு இழையை யாரோ தண்ணீரில் அலசுவதுபோல இருந்தது. விரால் குஞ்சுகளுக்குத் தகப்பனும் காவல் இருக்கும். பசிக்காக அல்ல, குஞ்சுகளுக்கு மேலே போன தவளையை விரட்டத்தான் அது பாய்ந்திருக்கிறது.

"உட்டுடுமா" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் இந்த மாதிரி நெறைய புடிச்சிருக்கேன். குஞ்சைப் பார்த்துட்டேதான் புடிச்சேன். அப்ப நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குழம்பில் நான் ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாகக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வாலை ஒரு அடி அடித்துவிட்டு அந்தச் செம்மஞ்சள் பக்கமாகவே போய் மறைந்தது.

வீடியோ எடுக்கவில்லை. போன் பையிலேயே கிடந்தது. அப்பாதான் வீடு வரும்வரை அந்த நூல் என்ன விலை, எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே வந்தார்.