ஒரு வளைகோட்டின் பூர்விகம்

கரையோர நாடுகள் தங்கள் கடலின் மீன்வளத்தை ‘நீடித்த உச்ச மகசூல்’ தரும் அளவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. 2015இல் ஐ.நா. வகுத்த வளர்ச்சி இலக்குகளில் கடலுக்குரிய 14ஆவது இலக்கும் இதே அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர்கள் சுருக்கமாக எம்.எஸ்.ஒய். என்பார்கள். கணக்கு எளிது. யாரும் வலை வீசாத கடலில் மீன் நிரம்பியிருக்கும். இரைக்கும் இடத்துக்கும் போட்டி இருப்பதால் பெருக்கம் மந்தமாக இருக்கும். ஓரளவு பிடித்தால், அறுக்க அறுக்கத் துளிர்க்கும் கீரைப் பாத்தி மாதிரி, மிஞ்சியவை வேகமாகப் பெருகும். அளவு மீறினால் வேரோடு போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் உச்சி இருக்கிறது, அங்கே நின்றுகொண்டால் ஆண்டுதோறும் அதே அளவு மீனை அள்ளலாம் என்பது நம்பிக்கை. இதை யார், எந்த மீனை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று பின்னோக்கிப் போகப் போக, எனக்கு மீனைவிட ராஜதந்திரம்தான் அதிகம் எதிர்ப்பட்டது.

அடிமட்டத்தில் உண்மையான அறிவியல் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்றே பேசினார். 1900இல் கடல் ஆய்வாளர் வால்டர் கார்ஸ்டாங், கடல் வறண்டு வருவதைப் பிடிபட்ட மீனின் கணக்கை வைத்தே காட்டினார். பிறகு வந்த முதல் உலகப் போர் யாரும் திட்டமிடாத ஒரு சோதனையாக அமைந்தது. வட கடலில் வலைகள் ஓய்ந்திருந்த ஆண்டுகள் முடிந்து படகுகள் திரும்பியபோது மீன் பெருகியிருந்தது. இந்தத் தடயங்களை ஒன்றாகக் கோத்த ஆங்கிலேய ஆய்வாளர் மைக்கேல் கிரஹாம், 1935இல் சொன்னதன் சாரம் இது: குறைவாக உழைத்தாலும் அதே அளவு மீன் கிடைக்கும், ஆகவே பிடிப்பதைக் குறையுங்கள். வளைகோடு அப்போதே கருவில் இருந்தது என்று யாராவது வாதிட்டால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரஹாமின் கையில் அது கடிவாளமாக இருந்தது.

அது பச்சைக்கொடியாக மாறிய இடம் வாஷிங்டன். 1937இல் ஜப்பானியக் கப்பல்கள் அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடா சால்மனை நெருங்கியதும் அமெரிக்கப் பசிபிக் கரையில் பெரும் கூச்சல் எழுந்தது. 1945 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன், தன் நாட்டுக் கரையை ஒட்டிய ஆழ்கடலில் மீன்வளப் பாதுகாப்பு மண்டலங்கள் அமைக்கும் உரிமையைப் பிரகடனம் செய்தார். அந்த வழியைப் பார்த்து 1947இல் சிலியும் பெருவும் 200 கடல் மைல் தங்களுடையது என்றன. அங்கேதான் சிக்கல். கலிபோர்னியாவின் சூரைப் படகுகள் லத்தீன் அமெரிக்கக் கரைகளை நம்பியே தொழில் செய்தன. அலாஸ்காவில் பிறரை விரட்ட வேண்டும். பெருவில் தன்னை யாரும் விரட்டக் கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரு கொள்கை தேவைப்பட்டபோது, 1948இல் வெளியுறவுத் துறையின் மீன்வளப் பொறுப்புக்கு வந்த வில்பர்ட் சாப்மன் அதைத் தந்தார். 1949 ஜனவரியில், எந்த அறிவியல் இதழிலும் அல்ல, வெளியுறவுத் துறையின் வெளியீட்டில் அந்த வளைகோடு அச்சானது. இடது சரிவு குறைந்த பிடிப்பு, வலது சரிவு மிகைப் பிடிப்பு, நடுவில் உச்சி. எந்த ஒரு மீனினத்தின் தரவிலிருந்தும் அது வரையப்பட்டதல்ல. இதை விரிவாக வெளிக்கொண்டு வந்தவர் வரலாற்றாசிரியர் கார்மல் ஃபின்லி.

சமன்பாடு பிறகுதான் வந்தது. அமெரிக்காவும் கோஸ்டாரிகாவும் 1949இல் செய்த உடன்படிக்கையால் உருவான சூரை ஆணையத்தில் பணியாற்றிய மில்னர் ஷேஃபர், 1954இல் அதைக் கணிதமாக எழுதினார். பிடிக்கப்படாத நிலையில் இருக்கும் கூட்டத்தில் பாதி மிஞ்சும்போது மகசூல் உச்சம் தொடும் என்பது அவர் கணக்கு. 1955இல் ரோமில் ஐ.நா. கூட்டிய மாநாட்டில் அமெரிக்கா இதே உச்ச மகசூலைத்தான் உலக நாடுகள் முன் வைத்தது. இதற்கு முன்பே, 1952இல் அமெரிக்கா, கனடா, ஜப்பான் செய்துகொண்ட வட பசிபிக் ஒப்பந்தம் சூட்சுமத்தைக் காட்டிக்கொடுத்தது. முழுமையாகப் பயன்பாட்டில் இருக்கும் மீனைப் புதிதாக வருபவர் தொடக் கூடாது. ஆகவே ஜப்பான் குறிப்பிட்ட பகுதிகளில் சால்மனை விட்டு விலக வேண்டும். தென் அமெரிக்கச் சூரைக்கு வரும்போது, மிகைப் பிடிப்பு நிரூபணமாகும் வரை தடுக்காதே. என் வாதமே இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது: வளைகோட்டோடு சேர்ந்து வந்தது நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற தீர்ப்பு. பிடிப்பவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். தடுப்பவன்தான் நிரூபிக்க வேண்டும்.

பிறப்பு அரசியல் என்பதால் கருத்து பொய்யாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. 1977இல் மீன்வள ஆய்வாளர் பீட்டர் லார்கின் இந்தக் கருத்துக்கே இரங்கற்பா எழுதியும் அது சாகவில்லை; செத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதைப் பயனுள்ளதாக்கியது எது என்று பார்க்க வேண்டும். 1995இன் ஐ.நா. மீன்வள ஒப்பந்தம் உச்ச மகசூலைத் தொட வேண்டிய இலக்காக வைக்காமல் தாண்டக் கூடாத வரம்பாக வைத்தது. போதிய தரவு இல்லை என்பதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் எழுதியது. கோடு அதேதான், பொறுப்புதான் தோள் மாறியது.

இன்னும் கூர்மையான மறுப்பு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வரும். 1977இல் 200 மைல் எல்லையை வகுத்த கனடா, உச்சிக்குக் கீழேயே நிற்கும் எச்சரிக்கையான பிடிப்பு அளவைத்தான் இலக்காக வைத்தது. இருந்தும் 1992 ஜூலை 2ஆம் தேதி வட காட் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். அப்படியானால் குற்றம் வளைகோட்டுடையது அல்லவே? ஆம், அதனுடையது அல்ல. கூட்டத்தின் அளவைக் கணித்ததில் பிழை. ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் மீன் திரளும் இடத்தைத் தேடிப்போய் மடி இறக்குபவை. கடலில் மீன் குறைந்தாலும் அவற்றின் பிடி குறையாது. கணக்கு அந்தப் பிடியில் பெரிதும் சாய்ந்திருந்தது. கரைக்கு வரும் காட் குறைகிறது, சிறுத்தும் போகிறது என்று 1980களிலேயே முறையிட்ட கரையோர மீனவர்களின் சொல் சான்றாக மதிக்கப்படவில்லை. எச்சரிக்கையான எண்ணும்கூட, நிரூபிக்கும் சுமை தவறான தோளில் இருந்தால் காப்பாற்றாது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நம் கடலுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமான சட்டை. ஷேஃபரின் சமன்பாடு ஒற்றை மீனினத்துக்கானது. பாக் நீரிணையில் இறாலுக்கு இறக்கும் ஓர் இழுவை மடியில் காரல், சங்கரா, நண்டு, கணவாய், பெயர் சொல்ல முடியாத குஞ்சு குளுவான் எல்லாம் ஏறிவரும். ஒவ்வொன்றுக்கும் உச்சி வெவ்வேறு இடத்தில். நடைமுறையில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துவதும் டன் கணக்கு அல்ல, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்கான கரையோர எல்லையும்தான். இருந்தும் இந்தியக் கடலில் ஆண்டுக்கு 53.1 லட்சம் டன் கிடைக்கக்கூடும் என்ற மதிப்பீடு 2018 முதல் இருக்கிறது. ஆண்டுப் பிடிப்பு 35 லட்சம் டன் அளவில் நிற்கிறது. மதிப்பீட்டாளர்கள் மீது குறையில்லை. ஆனால் அந்த இடைவெளி, இன்னும் அள்ளப்படாத மீன் என்றே திட்டம் தீட்டுவோரால் எளிதாக வாசிக்கப்படுகிறது. 1949இன் இடது சரிவை வாசித்தது போலத்தான். 1995 ஒப்பந்தத்தில் இந்தியா 2003இல் சேர்ந்துவிட்டது. அது நாட்டு எல்லைகளைத் தாண்டித் திரியும் சூரை போன்றவற்றுக்கானது. கரையோரக் காரலுக்கும் சங்கராவுக்கும் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.