கருத்தா இல்லாத வாக்கியம்

ஒரு பொருளை வடிவமைக்கக் கைப்பழக்கம் மட்டும் போதாது, கோட்பாடும் வேண்டும் என்ற எண்ணம் மேற்கில் வலுப்பட்டது 1960களில். 1962இல் லண்டனில் வடிவமைப்பு முறைகளுக்கென்றே ஒரு மாநாடு கூடியது. 1969இல் ஹெர்பர்ட் சைமன், இருக்கும் நிலைமையை நாம் விரும்பும் நிலைமையாக்க வகுக்கும் எந்தத் திட்டமும் வடிவமைப்புதான் என்ற பொருளில் எழுதினார். அந்தக் கணக்கில், ஒற்றைச் சம்பளத்தை அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பங்கிட்டு மாதத்தை ஓட்டிய என் அம்மாவும் வடிவமைப்பாளர்தான். ஆனால் எனக்கு இடறும் சொல் 'விரும்பும்'. யார் விரும்பும் நிலைமை?

1977இல் ஜெர்மானியப் பொறியாளர்கள் பால், பைட்ஸ் இருவரும் எழுதிய நூல் வடிவமைப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. முதல் கட்டம், தேவைகளைப் பட்டியலிடுவது. அந்தப் பட்டியலில் விடுபட்டது பின்னால் வரைபடத்துக்குள் எளிதில் நுழைவதில்லை.

கார் மோதல் சோதனைக்கான பொம்மையைப் பாருங்கள். 1976இல் உருவாகி உலகெங்கும் பரவிய பொம்மை, சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஆண். பிறகு வந்த 'பெண்' பொம்மை சுமார் 150 செ.மீ., 49 கிலோ. பெரும்பாலும் ஆண் உடலையே சுருக்கிச் செய்தது. இடுப்பெலும்பு, கழுத்துத் தசை, மார்பு எல்லாம் சுருக்கத்தில் அடங்கிவிடுமா? சீட் பெல்ட் அணிந்து ஓட்டிய பெண்களுக்கு, ஒத்த விபத்துகளில் ஆண்களைவிடக் கடுமையான காயம் ஏற்படும் சாத்தியம் 47% அதிகம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சராசரிப் பெண்ணுடலை முன்மாதிரியாகக் கொண்ட பொம்மையை ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் ஸ்வீடனில் 2022இல்தான் காட்டினார்கள்.

நான் ஐந்தடி. இருக்கையை முன்னுக்கு இழுத்தால்தான் பிரேக்கில் கால் எட்டும். பெல்ட் கழுத்தை உரசும். "உன் உயரத்துக்கு அப்படித்தான்" என்பார்கள் வீட்டில். அளவெடுக்காமல் தைத்துவிட்டு, உடம்பைக் குறை சொல்லும் தையல்காரரின் நியாயம் அது.

தமிழ் படித்தவளுக்கு இதில் ஓர் இலக்கணம் தெரிகிறது. "தேவைகள் கண்டறியப்படுகின்றன" என்பது செயப்பாட்டுவினை. 'ஆல்' உருபேற்று வரவேண்டிய கருத்தா அங்கே இல்லை. இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தில் ஆள் இல்லாமல் இல்லை. அளவுகோலோடு ஒருவர் நிற்கிறார். எது சிக்கல் என்று வரையறுப்பதே சமூகத் திட்டமிடலின் ஆகக் கடினமான பகுதி என்று ரிட்டலும் வெப்பரும் 1973இலேயே வாதிட்டார்கள். வரையறுப்பவர் கையில் பாதித் தீர்வு இருக்கிறது.

பொறியியல் படிக்கும் பெண்களே, அந்த வாக்கியத்தைச் செய்வினையாக்கி எழுதுங்கள். யார் கண்டறிந்தார்? யாரைக் கேட்டார்? யாரை அளந்தார்? எழுவாயின் இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்துவிட்டால், விடுபட்டவர்களின் பெயரைக் கேட்பது எளிது.