இல்லத்தின் புதிய வாயிற்காவலன்

முன்னாளில் இல்லத்திற்கு வாயில் ஒன்று; அதற்குத் தாழ் ஒன்று. தாழிட்டுவிட்டுக் கவலையின்றி உறங்கினர் நம் முன்னோர். இன்றோ தொலைக்காட்சியும், கேமராவும், அழைப்பு மணியும், மின்விளக்குங்கூட இணையத்தோடு உரையாடுகின்றன. அவை ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத வாயில் அன்றோ? அவ்வாயில்களுக்கு ஒரு காவற்கருவியைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது நாம் அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வீட்டுக்கு இத்தகைய காவல் எதற்கு என வினவுவோர் 2016ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. 'மிராய்' என்னும் தீய நிரல் அவ்வாண்டில் இணையத்தோடு இணைந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் தேடித் திரிந்தது. அதன் கையிலிருந்த சாவிக்கொத்து, தொழிற்சாலையிலேயே இடப்பட்ட 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளே. அக்டோபர் 21 அன்று அவ்வாறு வசப்பட்ட கருவிகள் பல்லாயிரம் ஒருங்கே அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற்போயின. தம் வீட்டுக் கேமரா அப்படையில் சேர்ந்ததை அதன் உடையவர் உணர வழியில்லை. மிராயை ஆக்கியதாக 2017ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட மூவரும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களே என்பது மாணவ நண்பர்கள் எண்ணிப்பார்க்கத் தக்கது.

நாம் முதலில் கடைக்குச் செல்லவில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து வீட்டிலுள்ள கருவிகளை எண்ணினோம். பதினேழு தேறின. எவற்றைக் காக்கிறோம் என்றறியாமல் காவலனை அமர்த்துவது எங்ஙனம்?

அடுத்து, ஃபயர்வால் எனப்படும் பாதுகாப்புப் பெட்டியிடம் எதிர்பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தினோம். முதலாவது, பிரித்து வைக்கும் ஆற்றல். கேமராவும் விளக்கும் ஒரு வலையில். வங்கிக் கணக்கைக் காணும் கணினியும் கைபேசியும் வேறொரு வலையில். ஒன்று வீழ்ந்தாலும் மற்றொன்றுக்குத் தீங்கு எளிதிற் பரவாது. இரண்டாவது, வேகம். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் சோதனையின்றி அனுப்பும் வேகமே. ஒவ்வொரு தகவலையும் ஆராயச் சொன்னால் அது வெகுவாகக் குறையும். ஆராயும்போதுள்ள வேகத்தையே கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்கள் வரும் என்பது. திருத்தம் நின்ற பெட்டி, காவலனே நோயுற்றதற்கு ஒப்பாகும். நான்காவது, ஆண்டுச் சந்தா முடிந்தபின் எவ்வெப் பணிகள் நின்றுபோகும் என்பது.

இவ்வளவும் ஆராய்ந்து இரு பெட்டிகளிடையே நாம் தயங்கி நின்றபோது, கணினியைத் தொட்டறியாத நம் அன்னையார் வினவினார்: "வீட்டில் யார் எப்போது எதைப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அந்தக் காவற்காரனுக்குத் தெரியுமே, அவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்?"

அவ்வினாவே தேர்வை முடித்துவைத்தது. கடிதம் உறையிலிடப்பட்டிருப்பினும் முகவரியை அஞ்சற்காரர் அறிவாரல்லவா? அதுபோல, செய்திகள் மறையாக்கம் பெற்றுச் சென்றாலும், எந்தக் கருவி எங்கே எவ்வளவு பேசுகிறது என்பதைப் பெட்டி அறியும். ஒரு பெட்டி அப்பதிவுகளை அயல்நாட்டுக் கணினிக்கு அனுப்பிவைப்பது. மற்றது வீட்டிலேயே வைத்துக்கொள்வது. விலை சற்றுக் கூடுதலாயினும் இரண்டாவதையே தேர்ந்தோம். மானமும் மறைவும் காக்கவே காவல். அவற்றை விலையாகக் கொடுத்துக் காவல் பெறுதல் அறிவுடைமை ஆகாது.

எனினும், எப்பெட்டியும் எல்லாம் வல்லதன்று. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லை அது வலுப்படுத்தாது. பொய்யான இணைப்பை நம்பி நாமே மறைச்சொல்லைக் கொடுத்தால் தடுக்க இயலாமற்போகலாம். ஆதலின், பெட்டியை நிறுவிய நாளிலேயே பதினேழு கருவிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, தொழிற்சாலை தந்த கடவுச்சொற்களை மாற்றினோம். ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று, பணம் செலவாகவில்லை.

மாணவச் செல்வங்களே! பாதுகாப்புப் பெட்டி வாங்க எல்லா இல்லங்களுக்கும் இயலாது. ஆயின் கருவிகளை எண்ணுவதும், கடவுச்சொல்லை மாற்றுவதும், ரௌட்டரில் விருந்தினர் வலை இருப்பின் அதில் கேமராவை ஒதுக்கி வைப்பதும் எவர்க்கும் இயலும். விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் பெற்றோர் அருகமர்ந்து இவற்றைச் செய்து கொடுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு அதுவாகும்.